லினக்ஸ் இலவசம்தானே, பில்லில் எதற்குச் சந்தா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த வருடப் பராமரிப்புக் கொட்டேஷன் அனுப்பியதிலிருந்து உங்கள் சர்வர்களை இயக்கும் அடிப்படை மென்பொருளான லினக்ஸைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "லினக்ஸ் சும்மா கிடைப்பதுதானே, அதற்கு ஏன் வருடாவருடம் பணம்?" நியாயமான கேள்வி. ஃபோனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறோம்.

ரெட் ஹாட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு காலத்தில் லினக்ஸைப் பெட்டியில் போட்டுக் கடையில் விற்றது. ஒருவர் வாங்கினால் போதும், பத்துப் பேர் நகலெடுக்கலாம். உரிமமே அதை அனுமதித்தது. 2003-ல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9-ஓடு அந்த வழியை விட்டுவிட்டார்கள். புதுமைகளை முதலில் பார்க்க ஃபெடோரா என்ற லினக்ஸ், இலவசம். நிறுவனங்களுக்கு ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ், சந்தா. 2019-ல் ஐபிஎம் அந்த நிறுவனத்தை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது இந்தச் சந்தா வருமானத்தைப் பார்த்துத்தான் என்பது எங்கள் கணிப்பு.

சந்தாவில் அப்படி என்ன வாங்குகிறோம்? பாதுகாப்பு ஆய்வு அறிக்கையில் "அப்பாச்சி 2.4.6, மிகப் பழையது" என்று சிவப்பில் வந்ததைப் பார்த்துப் பதறியவர்கள் உங்களில் உண்டு. அப்பாச்சி என்பது இணையதளங்களைப் பரிமாறும் மென்பொருள். அந்த 2.4.6 என்பது 2013-ல் வந்த பதிப்பு. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 7-ம் பதிப்பு அதே எண்ணைக் கடைசிவரை மாற்றவில்லை. ஆனால் பின்னால் கண்டுபிடித்த ஓட்டைகளுக்கான திருத்தங்களை மட்டும் எடுத்து, அந்தப் பழைய நிரலுக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் 2014-ல் போட்ட உங்கள் பில்லிங் மென்பொருள் பத்து வருடம் உடையாமல் ஓடியது. அலுப்பான வேலை, ஆர்வத்துக்காக யாரும் பத்து வருடம் செய்யமாட்டார்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

விலைப் பட்டியலைப் பார்த்தாலும் இது புரியும். ரெட் ஹாட் சர்வர் சந்தா நெடுங்காலம் 349, 799, 1,299 டாலர் என்று மூன்று படிகளில் இருந்தது. இப்போது சற்று ஏறியிருக்கிறது. மூன்றிலும் மென்பொருள் ஒன்றேதான். ஆள் உதவி கிடையாது, அலுவலக நேரத்தில் உண்டு, நள்ளிரவிலும் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

"அப்படியானால் சென்ட்ஓஎஸ் போட்டது எப்படி?" என்பது அடுத்த கேள்வி. அது ரெட் ஹாட்டின் மூலநிரலிலிருந்து கட்டிய இலவச நகல். 2014-ல் ரெட் ஹாட்டே அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2020 டிசம்பரில் திடீரென்று, சென்ட்ஓஎஸ் 8-க்கு இன்னும் ஒரு வருடம்தான் ஆயுள் என்றார்கள். 2029 வரை வரும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது நல்ல அடி. சென்ட்ஓஎஸ் 7-க்கு மட்டும் சொன்னபடி 2024 ஜூன் 30 வரை திருத்தங்கள் வந்தன. இடையில் 2023-ல், மூலநிரலையும் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். லினக்ஸ் வெளியாகும் ஜிபிஎல் என்ற உரிமம், மென்பொருளைப் பெற்றவருக்கு மூலநிரலைக் கொடு என்கிறதே தவிர, ஊருக்கெல்லாம் கொடு என்று சொல்வதில்லை. சட்டப்படி சரிதான், எங்களுக்கு ரசிக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்ப 2021-ல் ஆல்மா லினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்தன. இரண்டும் இலவசம். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் கணக்கு வேறு: மென்பொருளும் ஐந்து வருடத் திருத்தங்களும் எல்லோருக்கும் இலவசம், பத்து வருடம் வேண்டுமென்றால் உபுண்டு ப்ரோ சந்தா. சிறிய அளவில் பயன்படுத்துபவர்களுக்கு ஐந்து இயந்திரங்கள் வரை அதுவும் இலவசம்.

சரி, உங்களுக்கு எது? பெரிய டேட்டாபேஸோ, ஈஆர்பி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளோ ஓடி, அதை விற்றவர் "ரெட் ஹாட்டில் இருந்தால்தான் பொறுப்பேற்போம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் சந்தா கட்டுங்கள், யோசிக்க வேண்டாம். இணையதளம், மெயில், கோப்புச் சர்வர் மட்டும் என்றால் ஆல்மாவோ உபுண்டுவோ தாராளம். அந்தக் கொட்டேஷனில் சந்தா வரியை நீங்களே அடித்துவிடலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ரெட் ஹாட் தனிநபர்களுக்குத் தரும் 16 இயந்திர இலவசச் சந்தாவை ஊழியர் பெயரில் எடுத்து ஆபீஸ் சர்வரில் போடுவது. அது நிறுவனத்துக்கானது இல்லை. அப்புறம் அவர் வேலையை விட்டால் கணக்கும் அவரோடு போய்விடும்.

சந்தா எடுப்பவர்களுக்கு அதை உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே வாங்கித் தருகிறோம், அதன் மேல் நாங்கள் லாபம் எதுவும் வைப்பதில்லை. எங்கள் பராமரிப்புக் கட்டணம் தனி வரியில் இருக்கும். இன்னும் சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பவர்கள் மட்டும் இந்த மாதத்துக்குள் பேசுங்கள். மாற்றும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழு பேக்கப் எடுத்துவிட்டுச் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புக் குழு