ஆஸ்திரேலியத் தமிழ்ச் சங்கங்களுக்கும் வீட்டுத்தோட்டக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சங்க விழாக்களிலும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் கைமாறும் கொய்யாப் பதியன், நாவல் கன்று, ஜம்புக் கிளை ஆகியவற்றைப் பற்றியே இம்மடல். யூகலிப்டஸ், லில்லிபில்லி, பாட்டில்பிரஷ் எல்லாம் இவற்றின் உறவுகள்தான். 2010இல் நியூ சவுத் வேல்ஸில் தென்பட்ட மிர்ட்டில் துரு நோய் (myrtle rust) தாக்குவது இந்த மிர்ட்டேசியே தாவரக் குடும்பத்தை.

நோயை உண்டாக்குவது ஒரு தென் அமெரிக்கப் பூஞ்சை. 1884இல் பிரேசிலில் கொய்யா மரத்தில்தான் முதலில் பதிவானது. முற்றிய இலையை அநேகமாக விட்டுவிடும். தளிர், மொட்டு, பிஞ்சு மூன்றும்தான் இலக்கு. இரவில் சில மணி நேரம் இலை ஈரமாக இருந்தாலே பூஞ்சையின் வித்து (spore) முளைத்துவிடும். இரண்டு வாரத்துக்குள் பளிச்சென்ற மஞ்சள் தூளாகப் புது வித்துகள் வெடிக்கும். தளிர் கருகும், மரம் மறுபடி துளிர்க்கும், அதுவும் கருகும். இப்படியே சேமிப்பெல்லாம் தீர்ந்து மரம் பட்டுப்போகிறது. அதற்கு வெகு முன்பே காய்ப்பது நின்றுவிடும் என்பதுதான் பெரிய கேடு. கிழக்குக் கரை மழைக்காடுகளின் நேட்டிவ் குவாவா, ஸ்கிரப் டர்பன்டைன் என்ற மரங்கள் இப்படித்தான் அழிவின் விளிம்புக்கு வந்தன. வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றும் தப்புவதில்லை. 2019–20 காட்டுத்தீக்குப் பின் எரிந்த மரங்கள் விட்ட புதுத்துளிர்களிலும் துரு ஏறியது.

வீட்டில் மஞ்சள் தூளைக் கண்டால் கிளையை உலுக்காதீர்கள், உடனே வெட்டவும் வேண்டாம். இந்த நோய்க்கென லேபிளில் அனுமதியுள்ள பூஞ்சைக்கொல்லியை முதலில் தெளியுங்கள். செம்பு மருந்து வருமுன் காக்கும். ஏறிவிட்ட நோயைத் தீர்க்காது. மருந்து காய்ந்ததும், காற்றில்லாத நேரத்தில், கிளைமேல் பிளாஸ்டிக் பையை மாட்டி, அதற்குள்ளேயே வெட்டி இறுகக் கட்டுங்கள். சில வாரம் வெயிலில் போட்டுவிட்டுப் பொதுக் குப்பையில் சேருங்கள். உரக்குழிக்கு வேண்டாம். கத்தரிக்கோலை 70% ஸ்பிரிட்டால் துடையுங்கள். உடுத்திய துணி நேரே சலவைக்குப் போகட்டும். கதகதப்பான மழைக்காலத்தில் கவாத்து செய்வதும் தழைச்சத்தை அள்ளிப்போடுவதும் நோய்க்கு விருந்து வைப்பதே, இரண்டும் தளிரைக் கூட்டும். ரோஸ் ஆப்பிள் மரத்தைப் புதிதாக நடவே வேண்டாம் என்போம். இந்நோய்க்கு அவ்வளவு எளிதில் இரையாகும் மரம் அது.

“காற்றில் பரவுவதை நாம் எப்படித் தடுப்பது?” என்று கேட்பார்கள். சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் அது நியாயமான கேள்வி. அங்கே நோய் நிலைத்துவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் நிலை வேறு. 2022இல் வடகோடிக் கிம்பர்லியில்தான் அங்கு முதலில் கண்டார்கள். நோயுள்ள பகுதிகளுக்கும் தென்மேற்கின் யூகலிப்டஸ் காடுகளுக்கும் நடுவிலுள்ள வறண்ட நிலமே அரண். சிட்னியிலிருந்து பெர்த்துக்குப் பெட்டியில் போகும் ஒரு கொய்யாக் குச்சி அந்த அரணைச் சில மணி நேரத்தில் தாண்டிவிடும். ஊரிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ குச்சி கொண்டுவருவது இன்னும் மோசம். ஆஸ்திரேலியாவில் இருப்பது இந்தப் பூஞ்சையின் ஒரே ஒரு வகை. பிரேசிலில் வேறு வகைகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் தனியாக ஒன்று உண்டு. அவை வந்தால் இன்று தாக்குப்பிடிக்கும் மரங்களும் விழலாம்.

ஆகவே சங்கங்களிடம் நாங்கள் கேட்பது: செடிப் பரிமாற்றத்தில் இக்குடும்பக் குச்சிகளையும் பதியன்களையும் நிறுத்துங்கள். வேண்டியவர்கள் உள்ளூர் நாற்றங்காலில் கன்று வாங்கட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோருக்கு அம்மாநிலத் தடை விதிகளைப் பயண அறிவிப்பிலேயே சேர்த்து அனுப்புங்கள். மழைக்காட்டு நடைக்குப் போகும் குழுக்கள், புறப்படுமுன் செருப்படி மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு, துவைத்த உடையும் தொப்பியும் அணிந்து வரச்சொல்லுங்கள்.