மருந்தகத்து அண்ணனுக்கு நன்றி

கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கும் எனக்கு, அரசு கால்நடை மருந்தகத்தில் ஒரு நாள் உடனிருந்து பார்க்க அனுமதித்தவர் மருத்துவர் அம்மா. அவருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்தப் பதிவு அங்கே இருக்கும் பராமரிப்பு உதவியாளர் அண்ணனுக்கு. பெயர் கேட்டதற்கு, "அதெல்லாம் எதற்குப் பாப்பா, மாட்டுக்குப் பின்னால் நிற்காதே, அது போதும்" என்றார்.

காலையில் ஆடுகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து, நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி என்று வழக்கமான வேலைகள். மதியம் ஒரு கலப்பினப் பசுவைப் பார்க்கப் போனோம். முந்தின நாள்தான் கன்று ஈன்றிருந்தது. எழ முடியாமல் கழுத்தை விலாப் பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. "காதைத் தொட்டுப் பார்" என்றார் அண்ணன். சில்லென்றிருந்தது. ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது, பால் காய்ச்சல் என்று மருத்துவர் விளக்கினார். அண்ணன் கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கினார். கழுத்து ரத்தக் குழாயில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடக்கூடும் என்பதால் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைப் பசுவின் நெஞ்சிலிருந்து எடுக்கவேயில்லை. மருந்து முடியும் தறுவாயில் பசு ஏப்பம் விட்டது, சாணம் போட்டது. சாணத்தைப் பார்த்து இவ்வளவு பேர் மகிழ்ந்து நான் கண்டதில்லை! சற்று நேரத்தில் தட்டுத் தடுமாறி எழுந்தும்விட்டது.

பசுவின் இடப்பக்கப் பள்ளையில், அதாவது விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழிவில், என் முஷ்டியை அழுத்தி, இரைப்பை அசைவதை உணரவைத்தவரும் அண்ணன்தான். மிக்க நன்றி அண்ணா. கலந்தாய்வில் இடம் கிடைத்தால் முதல் இனிப்பு உங்களுக்குத்தான்.