பொனான்சா வாங்கிய டாக்டருக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

நலம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டிவலிக்கு நீ எழுதித் தந்த மாத்திரை கேட்கிறது, ராத்திரி தூங்குகிறாள். கருப்பட்டியின் பேத்திக்குக் காது குத்து தை மாசம். உனக்குச் சொல்லியாயிற்று என்று உன்னிடம் சொல்லச் சொன்னான். அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

மூன்று வாரமாக நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் நீ அனுப்பிய போட்டோ. வெள்ளை விமானம், சிவப்புக் கோடு, இறக்கை மேல் கையை ஊன்றிக்கொண்டு நீ, பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு தங்கச்சி. ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போனை மூடி வைத்துவிட்டேன். தப்புத்தான். 34 வருஷம் விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் நின்றவனுக்கு அந்தப் படத்தில் முதலில் தெரிந்தது நீ இல்லை, அந்த வால்தான். அறுபது வயசில் ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாய், எடுத்த எடுப்பில் பயமுறுத்தவா என்று யோசித்தேன். இப்போது யோசித்து முடித்துவிட்டேன். எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

பொனான்சா அழகான விமானம், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 1945 டிசம்பரில் அமெரிக்காவின் விச்சிட்டாவில் முதல் தடவை பறந்தது, 1947-ல் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்துச் சின்ன விமானங்களில் பலவும் துணி போர்த்தியவை, சக்கரம் தொங்கப் பறந்தவை. பொனான்சா முழுக்க உலோகம், சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். வாலில் மூன்று துண்டு செய்யும் வேலையை 'வி' மாதிரி விரிந்த இரண்டே துண்டு செய்யும். வி-வால் மட்டும் 10,000-க்கு மேல் செய்தார்கள், 1982 வரைக்கும்.

அதற்கு அமெரிக்கர்கள் வைத்த பட்டப்பெயரை உன் ஆஸ்பத்திரியில் யாராவது சொல்லியிருப்பார்களே? 'பிளந்த வால் டாக்டர் கொல்லி.' எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாப்பிள்ளை. வாங்கக் காசு இருந்தவன் டாக்டர். திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன் இருக்கிறது, ஞாயிறு ராத்திரி ஊர் திரும்பியே ஆகவேண்டும் என்றவனும் டாக்டர்தான். நீ என்ன எழுதியிருக்கிறாய்? "வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்து கிளம்பினால் ஒன்பது மணிக்கு சிகாகோவில் மகள் வீட்டில் சாப்பாடு." அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

முதலில் வால். 1953-ல் செய்தது என்றால் உன்னுடையது டி35. அதற்கு முந்தின சி35-லேயே வாலை அகலமாக்கிவிட்டார்கள். முன்விளிம்பை முன்னால் நீட்டினார்களே ஒழிய, உள்ளே பாரம் தாங்கும் ஸ்பார் பழைய இடத்திலேயே நின்றது. தாழ்வாரத்தை நாலு அடி நீட்டிவிட்டுத் தூண் வைக்காமல் விட்டது போல. வேகம் எல்லை மீறும்போது அந்த முன்விளிம்பு வளைந்து கொடுக்கும், அப்புறம் வால் பிய்யும். அதைச் செய்த பீச் கம்பெனிக்காரர்கள், விமானத்தைத் தாங்க முடியாத வேகத்துக்குக் கொண்டுபோனது விமானியின் குற்றம் என்றே சொல்லிவந்தார்கள். காற்றுச்சுரங்கத்தில் வைத்துச் சோதித்த பிறகு, 1987-ல் முன்விளிம்புக்கு முட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க அரசின் விமானத்துறையான எஃப்ஏஏ ஆணை போட்டது. அதற்குப்பின் நடுவானில் உடைவது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் 1962-லிருந்து 2007 வரை கூட்டிக் கழித்துப் பார்த்தால், வி-வால் வருஷத்துக்கு மூன்று வீதம் வானத்திலேயே உடைந்திருக்கிறது. வழக்கமான மூன்று துண்டு நேர் வால் வைத்த பொனான்சா 33, 36 மாடல்களில் அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பதினொன்று.

இதில் பெயிண்ட் ஒரு சங்கதி. உன் வாலின் அசையும் பகுதிக்கு மேல்தோல் மெக்னீசியம், காகிதம் போல லேசு. ஒரு ஃப்ளையிங் கிளப் விமானத்துக்குப் பெயிண்ட் முடித்து வந்தபோது, வாலின் அசையும் பலகையான எலிவேட்டரைக் கழற்றி ஸ்டாண்டில் கத்திமுனை மேல் வைத்துப் பார்த்தேன். சமமாக நிற்கவேண்டியது, பின்பக்கம் மெதுவாகச் சாய்ந்து மேசையைத் தொட்டது. "ரெண்டு கோட்டுதானே சார் சேர்த்து அடிச்சேன்" என்றான் பெயிண்டர் பையன், முகம் வெளுத்து. அந்த இரண்டு கோட்டுதான் வேகத்தில் வாலைப் படபடவென்று அடிக்க வைத்து உடைக்கும். அந்தப் பையனையே உட்கார வைத்துச் சுரண்டச் சொன்னேன். உன் விமானத்தின் சிவப்புக் கோடு பளபளவென்று இருக்கிறதே, அது எப்போது அடித்தது?

ஆனால் வால் கடைசியில்தான் உடைகிறது. அதற்கு முந்தின மூன்று நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். மேகத்துக்குள் ஓட்டிப் பழகாத 20 விமானிகள். வெளியே தெரியாதபடி மறைத்து, மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டு என்றார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். பத்தொன்பது பேர் சுழன்று கீழே இறங்கும் சுருளுக்குள் போனார்கள். கட்டுப்பாடு போக ஆன நேரம் சராசரி 178 வினாடி. ஒருவர் இருபதே வினாடி. எந்த விமானம் தெரியுமா? பொனான்சா.

காதுக்குள் இருக்கும் குழாய்களைப் பற்றி உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மெல்லச் சாய்ந்தால் அது உணராது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் நேராகப் போகிறோம் என்று சொல்லும். இறக்கை சாய்கிறது, மூக்கு தாழ்கிறது, வேகம் ஏறுகிறது. பொனான்சா வழுக்கிக்கொண்டு போகும் உடம்பு, மற்றதைவிடச் சீக்கிரம் ஏறும். விமானி பயந்து யோக்கை, அதாவது ஓட்டும் பிடியை, பின்னால் இழுப்பான். சாய்ந்திருக்கும்போது இழுத்தால் சுருள்தான் இறுகும். வேகமும் இழுப்பும் சேர்ந்து வால் போகும், இல்லை தரை வரும்.

நீ இருக்கும் ஐயோவாவிலேயே நடந்ததுதானே. 1959 பிப்ரவரி 3, மேசன் சிட்டியிலிருந்து நள்ளிரவு ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பியது ஒரு 1947 பொனான்சா. உள்ளே பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ரிச்சர்ட்சன் என்று மூன்று பாடகர்கள். விமானிக்கு 21 வயது. மீட்டர்களை மட்டும் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் பரீட்சையில் தேறாதவன். பனி, இருட்டு, கீழே ஒரு விளக்கு இல்லாத வயல்காடு. வானிலை எச்சரிக்கை வந்திருந்தும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. மூக்கு மேலா கீழா என்று காட்டும் மீட்டர், அவன் பழகியதற்கு நேர் எதிராகக் காட்டும் ரகம். ஐந்தாறு மைல் தாண்டவில்லை, மாப்பிள்ளை. வலது இறக்கை முதலில் தரையில் குத்தி, நாலு பேரும் போனார்கள். வால் உடையவில்லை, எஞ்சினும் நிற்கவில்லை. பாடகர் ஜிம் ரீவ்ஸ் 1964-ல் நாஷ்வில் பக்கம் இடிமழைக்குள் ஓட்டிக்கொண்டு போன விமானத்துக்கு நேர் வால்தான், அவரும் திரும்பவில்லை.

இரண்டாம் ஆட்டம் முடிந்து டைனமோ எரியாமல் வந்த அந்த அமாவாசை ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "நேராத்தான்டா போறேன்" என்று அடித்துச் சொல்லிக்கொண்டே வண்டியூர்க் கண்மாய்க்குள் சைக்கிளை இறக்கினாயே! கருப்பட்டி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். நீ பொய் சொல்லவில்லை. உனக்கு நேராகத்தான் தெரிந்தது. முழங்கால் தண்ணீரோடு போயிற்று அன்றைக்கு.

விற்றுவிடு என்று நான் சொல்லவில்லை. அதே இல்லினாயில் அந்த இருபது பேருக்கும் கற்றுக் கொடுத்தார்கள்: சக்கரத்தை இறக்கு, வேகத்தைக் குறை, யோக்கை விட்டுக் கையை எடு, விமானத்தைத் திருப்பும் ரடர் மிதியை மட்டும் மெல்ல மிதித்து வந்த வழியே திரும்பு. அநேகமாக எல்லாரும் உயிரோடு திரும்பும் அளவுக்குத் தேறினார்கள். பழகினால் வரும் வித்தைதான் இது. செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் 90 மணி நேரம் ஓட்டியதை வைத்து மட்டும் இதில் ஏறாதே. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கைக்கு வரும்வரை மேகமும் ராத்திரியும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாப்பாடு சனிக்கிழமை காலை இட்லியாக மாறினால் உன் மகள் கோபித்துக்கொள்ளவா போகிறாள்?

இன்னும் இரண்டு. சக்கரத்தை மடக்கும் கியர் சுவிட்சும், இறக்கையின் பின்தட்டை அசைக்கும் ஃப்ளாப் சுவிட்சும் பழைய பொனான்சாவில் மற்ற விமானங்களுக்கு எதிராக இடம் மாறி இருக்கும். இறங்கி ஓடும்போது ஃப்ளாப் என்று நினைத்துச் சக்கரத்தை மடக்கியவர்கள் அத்தனை பேர் இருந்ததால் 1980-ல் தனி அறிக்கையே வந்தது. ஓடுபாதையை விட்டு வெளியே வந்து நின்ற பிறகு எதையும் தொடு. அடுத்தது, பெட்ரோல் டாங்க் இறக்கையின் முன்பக்கம். பெட்ரோல் தீரத் தீரப் பாரம் பின்னால் நகரும். தங்கச்சி கட்டும் ஊறுகாய் மூட்டையைக் கடைசி மூலையில் திணிக்காதே.

இப்போது நீ செய்யவேண்டியது. வாலும் உடம்பும் சேரும் இடத்தில் முன்விளிம்பைக் கிட்டே நின்று இரண்டு பக்கமும் போட்டோ எடு, 1987 ஆணைப்படி முட்டுக் கொடுத்திருக்கிறதா என்று நான் பார்க்கவேண்டும். லாக்புக்கில் கடைசியாகப் பெயிண்ட் அடித்த பக்கமும், அதற்கப்புறம் பேலன்ஸ் பார்த்த பக்கமும் வேண்டும். பேலன்ஸ் பக்கம் இல்லையென்றால் எனக்குப் போன் செய்யும்வரை கிளம்பாதே. உங்கள் நேரம் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடு, இங்கே நான் காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. ஒளித்து வைக்காதே.

உன்,
மாப்பிள்ளை