மணி பன்னிரண்டரை

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது.

என் புற்றுநோய் எங்கே பிறந்தது என்று தேடி நீ அனுப்பிய பதினேழு பக்கத்தையும் அப்பா நேற்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கைப்பேசியில் எழுத்து பொடியாக இருக்கிறதாம். கடைப் பையன் தாள்களை அடுக்கும்போது மேல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு ஐயா?" என்று கேட்டிருக்கிறான். இவர் "ஆபீஸ் வேலை" என்று சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது, என்ன ஆபீஸ்! இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் விளக்கு எரிந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். மடியில் உன் தாள்கள், பக்கத்தில் நீ பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த அட்டை கிழிந்த அகராதி, கையில் சிவப்புப் பேனா. ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் 'கணையம்' என்று எழுதி வைத்திருந்தார்.

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குத் தொண்டை அடைக்கும், கடைசியில் இருவரும் "சாப்பிட்டாயா" என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவோம். உன் தங்கை பாப்பாவிடம் சொல்லிப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. மருந்தினால் விரல் நுனி மரத்திருக்கிறது. முந்தாநாள் கால் படி மல்லிகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிய கை. வாழைநார் விரலில் சுற்றியிருக்கிறதா, நழுவிவிட்டதா என்றே தெரியவில்லை. பூ எல்லாம் முறத்திலேயே உதிர்ந்து கிடந்தது. அப்படியே அள்ளிச் சாமி படத்தடியில் போட்டுவிட்டேன்.

உனக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருப்பார்கள். நான் ஒருமுறை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முன்தினம் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது இடது தோள் எலும்புக்கு மேலே, தாலிச்சரடு படுகிற இடத்தில், புளியங்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது. வலி இல்லை. வலித்திருந்தால் அன்றே போயிருப்பேன். கார்த்திகையில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். அடினோகார்சினோமா என்று வந்தது. சுரப்பிகளில் பிறக்கும் புற்றாம். ஆனால் கழுத்தில் இருந்தது பிறந்த இடம் இல்லை, வந்து குடியேறிய இடம். அந்த இடத்தில் கட்டி என்றால் வயிற்றுக்குள்ளிருந்து ஏறி வருவது வழக்கம் என்று டாக்டர் வாய் வழியாகவும் கீழ் வழியாகவும் குழாய் விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மார்பகப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. நெஞ்சு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் சி.டி. ஸ்கேன். கல்லீரலில் இரண்டு புள்ளி, அவ்வளவுதான். அதுவும் குடியேறியதுதானாம்.

பிறகு திருச்சியில் பெட் ஸ்கேன். ஆறு மணி நேரம் பட்டினி போட்டு, சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் பேசாமல் அசையாமல் படுக்கவைத்தார்கள். புற்று சர்க்கரைக்குப் பேராசை பிடித்ததாம். எங்கே அதிகம் தின்கிறதோ அந்த இடம் படத்தில் ஒளிரும். முடிந்ததும், இன்றைக்குக் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கம் போகாதீர்கள் என்றாள் நர்ஸ். உன் தங்கைதான் ஆறு மாத வயிற்றோடு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாளே. அவள் சாலைக்கு அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் நின்றாள், நான் இந்தப் பக்கப் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பாதான் கேரியரை வாங்கி வந்தார். நடுவில் பஸ்ஸும் ஆட்டோவும் போக, இருவரும் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினோம். "ரசம் ஆறிப்போயிருக்கும் அம்மா" என்றாள். அந்த மருந்தின் கதிர் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுமாம். அது தெரிந்தும் அன்று இரவு அவள் வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. நேரே ஊருக்கு வந்துவிட்டோம்.

அந்தப் படத்திலும் கழுத்தும் கல்லீரலும் மட்டுமே ஒளிர்ந்தன. எடுத்த சதைக்கு விதவிதமாகச் சாயம் ஏற்றி எந்த உறுப்பின் சாயல் என்று பார்த்தார்கள். சி.கே.7 என்ற புரதம் பாசிட்டிவ், சி.கே.20 என்ற புரதம் நெகட்டிவ். நுரையீரலாக இருக்கலாம், மார்பகமாக இருக்கலாம், கணையமாகவும் இருக்கலாம், பித்தக் குழாயாகவும் இருக்கலாம். பாதி ஊரைக் கைகாட்டினால் யாரைப் போய்ப் பிடிப்பது? காப்பீட்டுப் படிவத்தில் 'பாதிக்கப்பட்ட உறுப்பு' என்ற கட்டத்தைக் காட்டி மேசையில் இருந்த பெண் என்னையே கேட்டாள். தெரிந்தால் உன்னிடம் ஏனம்மா வருகிறேன் என்றேன். டாக்டர்தான் கடைசியில் சி80.0 என்று எழுதிக் கொடுத்தார். பிறந்த இடம் தெரியாத புற்றுக்கு உலக நோய்ப் பட்டியலில் அதுதான் எண்ணாம். முப்பது வருடம் பதிவேடு எழுதியவள் நான். எண் கிடைத்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, போ.

உன் பெரிய அத்தை கதை தெரியுமா? அப்பா அவளிடம் "மூலம் தெரியாத புற்று" என்று சொல்லியிருக்கிறார். அவள் 'மூலம்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை பை நிறையத் துத்தி இலையோடு வந்து இறங்கினாள். விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டு, மூன்றே நாளில் சுருங்கிவிடும் என்றாள். வயிறு குலுங்கச் சிரித்தேன். அந்த மாதத்தில் நான் சிரித்தது அன்று ஒரு நாள்தான். மற்றவர்கள் கொண்டுவந்த முள்சீத்தா இலை, பொடி, லேகியம் எல்லாம் பரணில் இருக்கின்றன. கீமோ நடக்கும்போது எதையும் கலக்காதீர்கள், கல்லீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொட மாட்டேன்.

இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாயே, அதற்கும் போய் வந்துவிட்டோம். உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு. புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே கிடையாது, துணைக்கு வருகிறவருக்குக் கால் டிக்கெட். நோய் வந்ததில் அப்பாவுக்குக் கிடைத்த ஒரே லாபம். அதைப் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காத்திருந்தபோது சுவரில் முத்துலட்சுமி ரெட்டி படத்தைப் பார்த்தேன். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர், 1954-இல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய இடம். அங்கேயும் அதே பதில்தான். நூறு புற்றுநோயாளிகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இப்படி ஆகுமாம். பிறந்த கட்டி கண்ணுக்கு அகப்படாத அளவு சிறியதாக இருக்கலாம், பரவவிட்டுத் தானே அழிந்தும் போயிருக்கலாம். இறந்த பிறகு அறுத்துத் தேடியும் அகப்படாதவர்கள் உண்டாம்.

நீ சொல்கிற மரபணுச் சோதனை பற்றியும் கேட்டேன். உன் தாளை நீட்டித்தான் கேட்டேன், அம்மா மறக்கவில்லை. அதில் இரண்டு வகை உண்டு என்றார் டாக்டர். ஒன்று, எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று ஊகிப்பது. அதன்படி மருந்து கொடுத்தும் பொதுவான கீமோவைவிட அதிக நாள் இருந்தார்கள் என்று இதுவரை நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லையாம். இன்னொன்று, கட்டியின் மரபணுவில் மருந்து பிடிக்கிற கொக்கி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. அது சிலருக்குப் பலன் தரும். அதற்கு அனுப்பியாயிற்று. சதை வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் நானே கேட்டு வாங்கி, நகைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். ஆக, செய்ய வேண்டியது எதுவும் விட்டுப்போகவில்லை. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். என் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

நீ இரண்டாம் வகுப்புப் படித்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்காது. ஒருநாள் காலை சத்துணவுக் கூடத்தில் அரிசி இருப்பை அளந்தால் பதிவேட்டைவிட எட்டுக் கிலோ குறைகிறது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஆயாவைக் கேட்டேன், சமையல்காரம்மாவைக் கேட்டேன், மூட்டையைப் புரட்டி எலி ஓட்டையைத் தேடினேன், முந்தைய மாதக் கணக்கை மூன்று முறை கூட்டினேன். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று, "அம்மா, மணி பன்னிரண்டரை" என்றார். திரும்பிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உலை வைக்கவே இல்லை. இருந்த அரிசியோடு எதிர்வீட்டில் கடன் வாங்கிச் சேர்த்துப் பொங்கிப் போட்டோம். அந்த எட்டுக் கிலோ எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. என் சம்பளத்தில் கட்டினேன்.

இப்போது நீயும் அப்பாவும் மூட்டையைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது கீமோ அன்று அப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது, எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டேன். என் வகையில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை, தாண்டியவர்களும் உண்டு என்றார். கட்டிலில் படுத்துக்கொண்டு இதை அப்பாவிடமிருந்து எப்படி மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் போன மாதமே தனியாகக் கேட்டு வைத்திருக்கிறார். உன் பதினேழு பக்கத்தில் ஒரு பக்கம் எண் தப்பிப் போகிறது. பன்னிரண்டுக்குப் பிறகு பதினான்கு. அந்தப் பதின்மூன்றாம் பக்கத்தை நீதானே எடுத்தாய்? மூன்று பேரும் ஒரே எண்ணை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் தெரியாமல் திரிகிறோம். போதும், விட்டுவிடுவோம்.

உன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாயே. சொல்கிறேன், எழுதிக்கொள்.

எனக்கு 21 நாளுக்கு ஒருமுறை பாக்லிடாக்செல், கார்போபிளாட்டின். மருந்து ஏற்றுகிற நாளுக்கு நீ வர வேண்டாம். அன்று நான் ஒவ்வாமைக்குப் போடும் ஊசியில் தூங்கிவிடுவேன், நீ நாற்காலியில் உட்கார்ந்து என் வாயைப் பார்ப்பாய். மூன்றாம் நாளிலிருந்துதான் எலும்பைப் பிடுங்குகிற மாதிரி உடம்பு வலிக்கும். இரண்டாவது வாரம் வெள்ளணு இறங்கும். அப்போது வா. அந்த நாள்களில் உடல் சூடு 100.4-ஐத் தொட்டால், காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, மாத்திரை போட்டுச் சமாளிக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. அப்பா நடு இரவில் யாரையும் எழுப்பக் கூச்சப்படுவார். ஆட்டோக்காரர் எண்ணை நீ வாங்கி வைத்துக்கொண்டு, அங்கிருந்தே கூப்பிடு. உனக்கு அது பகல்தானே.

தினமும் எனக்குப் போன் செய்கிறாய். பாதி நாள் அப்பாவுக்குச் செய். ரிப்போர்ட் கேட்காதே, கிரிக்கெட் கேள். அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆனது எனக்கே நேற்றுதான் தெரிந்தது.

விக் வாங்கி அனுப்பாதே. தலை வெயிலில் அரிக்கிறது, பருத்தித் துணி போதும். பாப்பா பிரசவத்துக்குப் பணம் போடு. நான் செய்ய வேண்டியது, என்னால் முடியாது.

மூன்றாவது கீமோ முடிந்து ஸ்கேன். கட்டி சுருங்கியிருந்தால் இன்னும் மூன்று போட்டுக்கொள்கிறேன், முகம் சுளிக்க மாட்டேன். சுருங்காமல் இருந்து, அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று என்று சொன்னால், ஒவ்வொன்றுக்கும் என்ன பலன், எத்தனை நாள் படுக்கை என்று கேட்டுவிட்டு நானே முடிவு செய்வேன். ஒருவேளை போதும் என்பேன். அப்போது அப்பா அழுவார், அத்தை உன்னைத் தூண்டிவிடுவாள். நீ என் பக்கம் நிற்க வேண்டும். வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு, டாக்டரிடம் கேட்டுவிட்டேன். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், பக்கத்துத் தெருப் பாட்டிக்கு அந்த நர்ஸ்தான் புண் கட்டிவிடுகிறாள். வீட்டில் என் கட்டிலில் இருக்கப் பார்க்கிறேன். ஜன்னல் பக்கத்துக் கட்டில்.

மருமகளிடம் நான் விசாரித்ததாகச் சொல். பேத்தி தலைக்கு எண்ணெய் வைத்து விடச் சொல், போன படத்தில் பரட்டையாக இருந்தது.

அப்பா ரசம் வைக்கப் பழகுகிறார். இன்று நான்காவது நாள். புளியைக் கரைத்துவிட்டுக் கொட்டையையும் சேர்த்து ஊற்றியது முதல் நாள். உப்பு இரண்டு முறை போட்டது நேற்று. எண்ணெய் காய்ந்தால் கடுகு பொரியும் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பொரிகிற சத்தம் நின்று வெகு நேரமாகிறது, கரிந்த வாசனை வருகிறது. போய்ப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா