மூன்று குழாய் புரொஜெக்டரை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய சிஆர்டி புரொஜெக்டர்களை, அதாவது பழைய டிவியில் இருப்பது போன்ற படக்குழாய்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று உள்ளவற்றை, படம் கலங்கலாக இருக்கிறது என்று பலரும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். பல நேரம் குழாய் நன்றாகவே இருக்கும், மூன்று படமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராததுதான் குறை.

எட்டு அங்குலக் குழாய் உள்ள ஒன்றை நானே சரிசெய்தேன், இரண்டு வாரம் ஆனது. முதலில் அரைமணி நேரமாவது ஓடிச் சூடாக வேண்டும், இல்லாவிட்டால் செய்ததெல்லாம் பிறகு நகர்ந்துவிடும். திரைக்கான தூரத்தைக் கையேட்டில் உள்ளபடி அளந்து வைக்க வேண்டும், ஏனென்றால் இதில் ஜூம் கிடையாது. அப்புறம் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக ஃபோகஸ் பார்த்து, பச்சையை மட்டும் எரியவிட்டு, திரையில் வரும் சோதனைப் படத்தின் கட்டக்கோடுகள் நேராகும்வரை வடிவத்தைத் திருத்தி, அதன்மேல் சிவப்பையும் கடைசியில் நீலத்தையும் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பொருத்திக்கொண்டே போக வேண்டும். மூலைகள்தான் பொறுமையைச் சோதிக்கும்.

கான்ட்ராஸ்ட்டை ரொம்ப ஏற்றாதீர்கள், அசையாத படத்தை நெடுநேரம் விடாதீர்கள், குழாயின் உட்புறம் ஒளிரும் பாஸ்பர் பூச்சில் தழும்பு விழுந்துவிடும். உள்ளே சுமார் 30,000 வோல்ட், அணைத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும், பழக்கமில்லாதவர்கள் மூடியைத் தொடவே கூடாது.

இருட்டுக் காட்சியில் கருப்பு நிஜமாகவே கருப்பாகத் தெரிவதைப் பார்த்தால் பட்ட பாடெல்லாம் மறந்துபோகும். இந்த வேலை தெரிந்த பழைய மெக்கானிக்குகளை உங்கள் இணைப்பிதழில் எழுத வைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை