எஸ்.கே.டி.யா, சி.கே.டி.யா என்று ஒரு வரி போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாக எந்தக் கார் ஆலை வந்தாலும் 'தயாரிப்பு ஆலை' என்றே செய்தி போடுகிறீர்கள். அங்கே என்ன வேலை நடக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு அலையும் பையன்களுக்கு அதுதான் தெரிய வேண்டியது. வெளிநாட்டிலிருந்து பிரித்து வரும் வண்டியைப் பூட்டுவதில் எஸ்.கே.டி., சி.கே.டி. என்று இரண்டு வகை உண்டு; நான் இரண்டு வகை லைனிலும் வேலை பார்த்தவன்.

எஸ்.கே.டி. என்றால் பாதி பிரித்து வரும் வண்டி. பெயின்ட் அடித்த பாடி, உள்ளே சீட், ஒயரிங் எல்லாம் பொருத்தியே வரும். இன்ஜினைக் கீழிருந்து ஏற்றிப் பூட்டி, சக்கரம் மாட்டி, பிரேக் பைப்பில் சிக்கிய ஏரை வெளியேற்றி, ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்த்தால் முடிந்தது. ஒரு ஷெட்டும் கொஞ்சம் ஆட்களும் போதும். சி.கே.டி.யில் எல்லாமே உதிரியாக வரும், பாடியும் தகடு தகடாக வந்தால் வெல்டிங் ஷாப், பெயின்ட் ஷாப் இரண்டும் இங்கேயே வேண்டும், அப்புறம் அதற்கேற்ற ஆட்கள், பயிற்சி, சோதனை. மரப்பெட்டியைத் திறந்து, துருப்பிடிக்காமல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, ஒவ்வொரு பார்ட்டையும் பட்டியலோடு ஒத்துப் பார்க்கவே அரை நாள் ஆகும். ஒருமுறை பிரேக் பைப்பைப் பிடிக்கும் கிளிப் ஒன்று பெட்டியில் இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஆனால் அது வந்து சேரும்வரை வண்டி லைனுக்கு வெளியே ஓரமாக நின்றது.

அந்தக் கிளிப்பை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்ய வைக்கலாம் என்று ஒரு நாள் முடிவெடுப்பார்கள் பாருங்கள், அங்கிருந்துதான் ஊருக்கு லாபம். சி.கே.டி.யில் ஒவ்வொரு பார்ட்டாக அப்படி மாற்றிக்கொண்டே போகலாம். எஸ்.கே.டி.யில் அதற்கு இடம் ரொம்பக் குறைவு. நம் சுங்கவரியும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது, 2011 பட்ஜெட் முதல் இன்ஜினோ கியர்பாக்ஸோ கோத்த நிலையில் வரும் கிட்டுக்கு (ஒரு வண்டிக்கான பாகங்கள் அடங்கிய தொகுப்பு) வரி கூடுதல்.

1956-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட்டை இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து வந்த கிட்டை வைத்துத்தான் பூட்ட ஆரம்பித்தார்கள். 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே செய்தாகிவிட்டது. இன்றைக்கு அதே கம்பெனி பிரேசில், கொலம்பியா, தாய்லாந்துக்கு சி.கே.டி. கிட் அனுப்புகிறது, அங்கே இருப்பவர்கள் நம் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் அவ்வளவு பெருமை.

அதனால் அடுத்த முறை திறப்பு விழாவுக்குப் போகும் உங்கள் நிருபர், வெல்டிங் இங்கேயா, பெயின்ட் இங்கேயா, எத்தனை பார்ட் உள்ளூரில் வாங்குகிறீர்கள், எந்த வருஷத்துக்குள் அதைக் கூட்டுவீர்கள் என்று கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அசெம்பிளி லைன் ஃபிட்டர்,
செங்கல்பட்டு