இறுக்கிக் கட்டினால் இடுப்பு இளைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற நம் டெல்டா நகரங்களின் ஃபேன்சி ஸ்டோர்களிலும் மருந்துக் கடைகளிலும் ஸ்லிம் பெல்ட், வெயிஸ்ட் ட்ரெய்னர், கார்செட் என்ற பெயர்களில் இடுப்பை இறுக்கும் பட்டைகள் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. நாள்தோறும் சில மணி நேரம் இவற்றை அணிந்தால் இடுப்புச் சுற்றளவு நிரந்தரமாகக் குறையும், தொப்பை கரையும், பிள்ளை பெற்ற வயிறு பழையபடி ஒட்டிவிடும் என்று உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓடும் விளம்பரங்கள் உறுதி கூறுகின்றன. அரசு மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இந்த உறுதிமொழிகளில் ஒன்றுக்கும் மருத்துவச் சான்று இல்லை என்பதையும், இவற்றால் நான் அதிகம் அஞ்சுவது அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மார்களைக் குறித்தே என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பட்டையை இறுக்கிய நிலையில் அளவு நாடாவைச் சுற்றினால் இடுப்பு குறைந்திருப்பது மெய்தான். அந்தக் குறைவு, தோலுக்கடியில் உள்ள கொழுப்பும் குடல், இரைப்பை போன்ற மென்மையான உறுப்புகளும் மேலும் கீழுமாக ஒதுங்குவதாலும், முன்புறம் எந்த எலும்போடும் சேராத கடைசி இரண்டு இணை விலா எலும்புகள் உள்நோக்கி அழுந்துவதாலும் ஏற்படுகிறது. பட்டையைக் கழற்றினால் அவை தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. கொழுப்பு என்பது உடல் செலவழிக்காமல் சேமித்து வைத்த ஆற்றல். உண்பதைவிட அதிகமாகச் செலவழிக்கும்போதுதான் அது குறையுமே தவிர, வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தத்துக்குக் கரையாது. உடலின் எந்தப் பகுதிக் கொழுப்பு முதலில் குறையும் என்பதையும் பரம்பரையும் ஹார்மோன்களும் வயதும் பாலினமும்தான் தீர்மானிக்கின்றன. நாம் பட்டை கட்டும் இடத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சுவீடனில் 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதம் மிகக் குறைந்த கலோரி உணவு உண்டு எடை குறைத்த, உடற்பருமன் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் அடுத்த ஒன்பது மாதம் கார்செட் அணியச் சொன்னார்கள். குறைத்த எடையைத் தக்கவைப்பதில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சொன்னபடி அதை அணிந்துகொண்டவர்களும் குறைவு. அழகியல் அறுவை மருத்துவர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க வாரியமும் இவற்றால் உடலமைப்பு நிரந்தரமாக மாறாது என்றே கூறியிருக்கிறது. இறுக்கத்தால் இரைப்பை அழுந்தி ஒருவர் சில நாள் குறைவாகச் சாப்பிடலாம். அந்தக் குறைவும் பட்டையோடு முடிந்துவிடும்.

நியோபிரீன் என்னும் ரப்பர் போன்ற பொருளில் செய்து, வியர்வையோடு கொழுப்பையும் வெளியேற்றும் என்று சொல்லி விற்கும் பட்டைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வியர்வையில் வெளியேறுவது நீரும் உப்பும்தான். எடைக்கருவி காட்டும் குறைவு அடுத்த சொம்புத் தண்ணீரில் ஈடாகிவிடும். நம் பகுதியின் புழுக்கத்தில் இத்தகைய பட்டைக்குள் மணிக்கணக்கில் ஈரம் தேங்கினால் வேர்க்குருவும் படர்தாமரையும் வரும். அதற்கு மருத்துவரைப் பார்க்காமல் கடையில் வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, முதலில் அரிப்பை அடக்குவது போலத் தோன்றினாலும், படர்தாமரையை மேலும் பரப்பிவிடுகிறது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு நேரம், யார் அணிகிறார் என்பதைப் பொறுத்துத் தீங்கின் அளவு மாறும். ஒரு திருமண வரவேற்பில் சேலை சீராக அமைய வேண்டி நெகிழும் துணியாலான ஷேப்வேரைச் சில மணி நேரம் உடுத்தும் நலமுள்ள பெண்ணை நான் அச்சுறுத்த விரும்பவில்லை. விறைப்பான கம்பிகளும் கொக்கிகளும் கொண்டு, வாரந்தோறும் ஒரு கொக்கி கூடுதலாக இறுக்கச் சொல்லும் பட்டைகள் வேறு வகை. நுரையீரலுக்கு அடியில் மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம் கீழிறங்க அவை இடம் தராததால் மூச்சு மேல்மார்பிலேயே நின்றுவிடுகிறது. படியேறினாலோ விரைந்து நடந்தாலோ தலைசுற்றலும் மயக்கமும் வரலாம். இரைப்பை அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் உண்டாகும். தொடையின் வெளிப்புறத்துக்குச் செல்லும் நரம்பு இடுப்பெலும்பின் முன்முனையருகே நசுங்கி, தொடை எரிவதும் மரத்துப்போவதும் உண்டு. ஐரோப்பியப் பெண்கள் திமிங்கிலத் தாடைப் பட்டைகள் வைத்துத் தைத்த கச்சைகளை அணிந்த காலத்திலேயே, ஜெர்மானிய உடற்கூறியலாளர் சோமரிங் 1788இல் அவற்றின் தீங்குகளைக் குறித்து எழுதியிருக்கிறார். அந்தச் சமூகம் பெரும்பாலும் கைவிட்ட ஒன்றை நம் பெண்கள் இப்போது காசு கொடுத்து வாங்குவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவங்கள். சுகப்பிரசவமோ அறுவையோ, பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களுக்கும் வயிற்றின் நடுக்கோட்டில் உள்ள இணைப்புத் திசு நீண்டு தளர்ந்திருக்கும். பலருக்கு இருபுறத்து நேர்த்தசைகளும் விலகி, படுத்துத் தலையைத் தூக்கும்போது நடுவில் மேடாகப் புடைக்கும். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகின்றன. ஆகவே, பச்சை உடம்புக்காரியின் வயிறு முதல் சில வாரங்கள் முன்தள்ளியிருப்பது இயற்கை. அதைக் குறையென்று சொல்லிக்காட்டும் உறவினர்களும், அந்தச் சொல்லையே வியாபாரமாக்கும் விளம்பரங்களும் அவளுக்குச் செய்வது பெரிய அநீதி.

கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் அந்த வாரங்களில் மிகத் தளர்ந்திருக்கும். அப்போது வயிற்றைச் சுற்றி இறுக்கினால், வாய்க்காலில் மடையை அடைத்ததும் நீர் வலுவிழந்த கரையைத் தேடிப் போய் உடைப்பெடுப்பதைப் போல, வயிற்றுக்குள் எழும் அழுத்தம் அந்தத் தளர்ந்த தளத்தின் மேலேயே இறங்குகிறது. இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் பெண்ணுக்கும், கர்ப்பப்பை இறக்கத்தின் தொடக்கநிலையில் உள்ள பெண்ணுக்கும் இது தொல்லையை அதிகப்படுத்தக்கூடும். இந்தத் தொல்லைகளைப் பற்றி நம் பெண்கள் கணவரிடமோ தாயிடமோகூட வாய்திறப்பதில்லை. முதுகுவலி என்று சொல்லிச் சிகிச்சைக்கு வந்து, இரண்டு மூன்று முறை பேசிப் பழகிய பிறகே, நடவுக்குக் குனியும்போது துணி நனைந்துவிடுகிறது என்று தலைகுனிந்து சொன்ன பெண்கள் பலர். பிள்ளை பெற்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள். முறையான பயிற்சியால் பெரும்பாலோருக்குக் குறையக்கூடிய ஒரு தொல்லையைத் தாங்கிக்கொண்டு, அதைக் கூட்டக்கூடிய ஒரு பட்டைக்குப் பணமும் செலவழிப்பது அவர்கள் தலையெழுத்தாக இருக்க வேண்டியதில்லை.

நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய நூல்சேலையால் வயிறு கட்டிவிடவில்லையா என்று சிலர் கேட்கலாம். கட்டினார்கள். காற்றோட்டமுள்ள அந்தத் துணிக்கட்டு, தளர்ந்த வயிற்றுக்கு ஒரு பிடிமானத்தைத் தந்தது. வலித்தால் உடனே தளர்த்திக்கொள்ளவும் முடிந்தது. அதனால் வயிறு நிரந்தரமாக ஒட்டிவிடும் என்பதற்குச் சான்று இல்லையாயினும், மிதமாகக் கட்டிக்கொள்வதில் தவறு காண நான் துணியமாட்டேன். அறுவைப் பிரசவத்துக்குப் பின் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் வயிற்றுப் பட்டையும் இப்படித்தான். எழுந்து நடக்கத் தொடங்கும் முதல் நாள்களில் தையல் இழுக்கும் வலியைக் குறைக்க அது உதவுகிறது. எப்போது அணிய வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார். இடுப்பை இளைக்க வைப்பது அதன் நோக்கமே அன்று. மருத்துவர் சொன்ன பட்டைதானே என்று நினைத்து, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கார்செட்டை மாதக்கணக்கில் அணிபவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தாக வேண்டும்.

வளரிளம் பருவத்தினருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும்போது எலும்பு மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் தாங்குபட்டை, வளைவு முற்றுவதைத் தடுக்கிறது என்று 2013இல் வெளியான பெரிய ஆய்வொன்று உறுதிசெய்தது. அது ஒரு நோய்க்கான சிகிச்சை. நலமாக இருக்கும் கல்லூரி மாணவி இடுப்பு மெலிய வேண்டும் என்று கட்டிக்கொள்வதற்கு அதைச் சான்றாகக் காட்டக் கூடாது. முதுகுவலி வராமல் காக்கும் என்று இதே கடைகளில் ஆண்களுக்கு விற்கும் பட்டைகளின் நிலையும் அதிகம் வேறல்ல. அமெரிக்காவில் 160 கடைகளில் சரக்குகளைக் கையாளும் 9,377 ஊழியர்களிடம் இரண்டாண்டுக் காலத்தில் தகவல் திரட்டி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பட்டை அணிவதால் முதுகுவலியோ முதுகுக் காயங்களோ குறையவில்லை என்று கண்டது. நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகளைச் சுமக்கும் நம் தொழிலாளர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

இடுப்பளவைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். இந்தியர்களில் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் தாண்டிய இடுப்பளவு, சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் முன்னெச்சரிக்கை. மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் உயரத்துக்குரிய எடையைத் தாண்டியவர்கள். அந்த ஆபத்தை உண்டாக்குவது முக்கியமாகக் குடல்களைச் சுற்றிச் சேரும் உட்கொழுப்பு. பட்டையால் அதைத் தொடவே முடியாது. மூன்று வேளையும் தட்டு நிறைய ஏறும் சோற்றைக் குறைத்து, பருப்பும் காய்கறியும் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் விரைந்து நடந்தால் அது மெல்லக் குறையும். கண்ணாடியில் பட்டையோடு தெரியும் மெல்லிய இடுப்பைப் பார்த்து, சர்க்கரை அளவைச் சோதிக்காமலே இருந்துவிடுவது இதில் உள்ள இன்னொரு ஆபத்து.

விளம்பரங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் குறித்த 1954ஆம் ஆண்டுச் சட்டம், எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று தரும் பட்டியலில் உடற்பருமனும் இருக்கிறது. உடலின் அமைப்பை மாற்றுவதற்கென்று விற்கும், உணவல்லாத பொருளையும் அச்சட்டம் மருந்து என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. இந்தப் பட்டைகளின் விளம்பரங்களும் அதற்குள் வரும் என்பது என் கருத்து. அதிகாரிகள் ஆராய வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தங்கள் நாளிதழும் நிரந்தரமாக இடுப்பைக் குறைப்பதாகக் கூறும் விளம்பரங்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தால், மற்றவர்களும் தயங்குவார்கள்.

டெல்டா மாவட்டங்களின் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பிறந்து ஆறு வாரமான குழந்தையைத் தடுப்பூசிக்காகத் தாய்மார்கள் புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் துணை சுகாதார நிலையங்களுக்கும் தூக்கிவருகிறார்கள். குழந்தையின் எடையைப் பார்க்கும் அதே வேளையில், இருமினால் சிறுநீர் கசிகிறதா, அடிவயிற்றில் ஏதோ கீழிறங்குவது போலக் கனக்கிறதா, எழும்போது வயிற்றின் நடுவில் புடைக்கிறதா என்ற மூன்று கேள்விகளைக் கிராம சுகாதாரச் செவிலியர் தனியே அழைத்துத் தாயிடம் கேட்கட்டும். ஆம் என்பவர்களை மருத்துவரிடம் அனுப்பட்டும். மற்றவர்களுக்கு, மூச்சை வெளிவிட்டபடி அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுப்பதையும், சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கிச் சில நொடிகள் நிறுத்தித் தளர்த்துவதையும் சொல்லிக்கொடுக்கட்டும். இவற்றைக் கற்பிக்கச் செவிலியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. தொல்லை நீடிக்கும் தாய்மார்களையும் அத்திட்டத்தின் பயனாளிகளாகச் சேர்த்துக்கொள்ளலாம். பயிற்சி அளிக்க அழைத்தால், என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் ஊதியம் எதிர்பாராமல் வருவதற்கு ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற இயன்முறைச் சிகிச்சையாளர்,
மன்னார்குடி